சிப்பித்துறைக்கு மேலே நின்ற ஸ்வரம்

இந்தக் கதையை இதுவரை மூன்று பேரிடம் சொல்லியிருக்கிறேன். ஒருவர் நம்பினார், ஒருவர் நம்பவில்லை, மூன்றாமவர் அன்றைக்கு அந்த மைதானத்திலேயே இருந்தவர், அவர் மட்டும் நான் பாதியைக் குறைத்துச் சொல்வதாகக் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். அதனால் இந்தத் தடவை எதையும் குறைக்கப்போவதில்லை.

கடலுக்கும் உப்பளத்துக்கும் நடுவே கிடக்கிற சிப்பித்துறையில் ரெமிஜியுஸ் பல்டானோ என்று ஒருவன் பிறந்தான். பிறந்தவன் பத்தொன்பது வயதில் ஒரு கிட்டாரைத் தூக்கிக்கொண்டு பம்பாய்க்குப் போனான். போனவன் அங்கிருந்து ஹாம்பர்க்குக்கும் ஒசாகாவுக்கும், நாங்கள் வாயில் போட்டுப் பழகுவதற்குள் பெயர் மாறிவிடுகிற இன்னும் எத்தனையோ ஊர்களுக்கும் போய், ராக் இசை என்கிறார்களே, தலைமுடியை முன்னாலும் பின்னாலும் எறிந்து வாசிப்பார்களே, அந்த இசையில் இவனுக்கு மேல் விரல் கிடையாது என்று பெயர் வாங்கினான். நீங்கள் கண்ணை ஒரு தடவை சிமிட்டுவதற்குள் அவன் பதினெட்டு ஸ்வரம் வாசிப்பான் என்று ஒரு பத்திரிகைக்காரன் எழுதினான். எண்ணியவனுக்கு எண்ணத் தெரியவில்லை, அது இருபத்தொன்று என்று ரெமிஜியுஸ் பதில் எழுதினான். கிட்டார் வாசிப்பவர்களில் இரண்டு வகைதான், ஒன்று நான், இன்னொன்று என்னைக் கேட்டுவிட்டுக் கிட்டாரை விற்றவர்கள் என்று ஒரு பேட்டியில் சொன்னான். உங்களைப் பாதித்த கலைஞர் யார் என்று கேட்டவளிடம், அவள் கைப்பையிலிருந்து முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்துத் தரச்சொல்லி, அதை அவள் பக்கம் திருப்பாமல் தன் பக்கமே திருப்பி வைத்துக்கொண்டான்.

இதையெல்லாம் கேள்விப்பட்டு ஊருக்குப் பெருமை தாங்கவில்லை. அவன் வாசிப்பை யாரும் கேட்டதில்லை என்பது பெருமைக்கு இன்னும் வசதியாக இருந்தது. ஒரே ஒரு கேசட் வந்து சேர்ந்தது. அதை மைக்செட் சூசைமிக்கேல் ஒரு கல்யாண வீட்டில் போட, டேப்பு கெட்டுப்போய் வேகமாக ஓடுகிறது என்று பெண் வீட்டார் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள்.

அவன் கூடவே இருபத்திரண்டு வருஷம் தேசம் தேசமாகப் போனவர் தொபியாஸ். ரெமிஜியுஸின் அக்கா ஜெசிந்தாவைக் கட்டியவர், ஆகவே அவனுக்கு அத்தான். கிட்டாருக்குச் சுதி சேர்ப்பது அவர் வேலை. பத்தாயிரம் பேர் கத்துகிற மைதானத்தில் மேடைக்குப் பின்னால் நின்று, கிட்டாரின் தலையைத் தன் தாடை எலும்பில் பதித்துக்கொண்டு, கம்பியின் அதிர்வைக் காதால் அல்லாமல் எலும்பால் கேட்டு, ஒரு நிமிஷத்துக்குள் ஆறு கம்பியையும் சேர்த்துக் கொடுத்துவிடுவார். ரெமிஜியுஸ் அதை வாங்கும்போது திரும்பிப் பார்க்கமாட்டான், கையை மட்டும் பின்னால் நீட்டுவான். வெளிநாட்டுக்காரர்களிடம் அவரை அத்தான் என்று சொன்னதில்லை. "என் ஆள்" என்றுதான் சொல்லுவான்.

கடைசியில், கூட வாசித்த டிரம்ஸ்காரனைக் கடிகாரம் ரிப்பேர் பண்ணப் போகச் சொல்லி, பாடுகிறவனை வாயை மூடினால் நல்ல பாடகன் என்று சொல்லி, சொல்ல ஆளில்லாமல் போன பிறகு, நாற்பத்தேழாவது வயதில் இருவரும் ஊர் திரும்பினார்கள். ரெமிஜியுஸ் அக்கா வீட்டு மாடியில் தங்கினான். சித்திரை வெயிலிலும் தோல் சட்டையைக் கழற்றவில்லை. தொபியாஸ் கீழ்வீட்டில் இருந்துகொண்டு கோயில் பாடகர் குழுவுக்கு மாஸ்டர் ஆனார். ஊரிலிருந்த எல்லா ஆர்மோனியத்துக்கும் வயலினுக்கும் மூச்சு வந்தது.

அந்த வருஷம் சந்தியாகப்பர் திருவிழாவுக்கு, பத்தாம் நாள் சாயங்காலம் ரெமிஜியுஸ் வாசிப்பது என்று ஏற்பாடாயிற்று. கமிட்டித் தலைவர் கஸ்பார் ரொட்ரிகோ மாடிக்குப் போய்க் கேட்டபோது அவன் மூன்று நிபந்தனை போட்டான். யாரும் பேசக்கூடாது, யாரும் கடலை கொறிக்கக்கூடாது, யாரும் ஒருச்சாய்ந்து உட்காரக்கூடாது.

"மூணாவது மட்டும் கொஞ்சம் கஷ்டம் தம்பி, எனக்கே இடுப்புல ஒரு பிடிப்பு இருக்கு" என்றார் கஸ்பார்.

"அப்ப நீங்க வராதீங்க" என்றான் ரெமிஜியுஸ்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. பத்தாம் திருவிழா அன்று சப்பரம் தேரடி முக்கில் திரும்பியதும், மைதானத்தில் இருக்கிற அத்தனை பேரும் எழுந்து, மேடைக்கு முதுகைக் காட்டி, சப்பரத்தைப் பார்த்து நிற்பார்கள். அது கடந்துபோகிற வரை மேடையில் எது நடந்தாலும் அப்படியே நின்றுவிட வேண்டும். ஒரு வருஷம் நாடகத்தில் தூக்கு மேடையில் நின்ற கள்வன், கழுத்தில் கயிற்றோடு அரைமணி நேரம் கும்பிட்டுக்கொண்டு நின்றிருக்கிறான். ரெமிஜியுஸுக்கு இது தெரியாதா என்றால் தெரியும். தனக்கும் அது பொருந்தும் என்பதுதான் தெரியாது.

அவன் வாசிக்கத் தொடங்கி, ஊரே வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்து, வாசிப்பு ஏறி ஏறி உச்சிக்குப் போய், அங்கே ஒரே ஒரு ஸ்வரத்தை நீளமாக நிறுத்துவதற்காகக் கம்பியை விரலால் மேல்நோக்கித் தள்ளிக்கொண்டிருந்த நேரத்தில், சப்பரம் முக்கில் திரும்பியது. மூவாயிரம் பேர் ஒரே சமயத்தில் எழுந்து திரும்பினார்கள். ரெமிஜியுஸ் உலகத்தில் எவ்வளவோ பார்த்திருக்கிறான், முதுகுகளைப் பார்த்ததில்லை. விரல் தள்ள வேண்டிய தூரத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே நின்றுவிட்டது. அவன் கையை எடுத்தான். ஸ்வரம் ஓயாமல், நின்றது நின்றபடியே ஒலித்தது.

சூசைமிக்கேல் ஒயரைப் பிடுங்கினான். நிற்கவில்லை. ஜெனரேட்டரை அணைத்தான். நிற்கவில்லை. மூங்கிலில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர் நான்கையும் இறக்கிக் கோணிப்பையில் சுற்றி வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். ஸ்வரம், மேடைக்கு மேலே இரண்டு ஆள் உயரத்தில், பந்தலின் இரண்டாவது குறுக்கு மூங்கிலுக்குப் பக்கத்தில், யாரையும் லட்சியம் செய்யாமல் ஒலித்துக்கொண்டிருந்தது. கொடி இறக்கினால் தானே போய்விடும் என்றார் கோயில் பாதிரியார், எங்கள் பங்குச்சாமி. மறுநாள் கொடி இறங்கியது, பந்தலும் இறங்கியது, அது இறங்கவில்லை.

முதல் வாரம் ஊர் அவனை வைத வசவை நான் எழுத முடியாது. சாமி வருகிற நேரத்தில் வாசித்த திமிர், அதுவும் நிறுத்தாமல் விட்டுப்போன திமிர் என்று, ரெமிஜியுஸ் தெருவில் நடந்தால் கதவைச் சாத்தினார்கள். இரண்டாம் வாரம் மின்சார ஆபீசிலிருந்து ஒருவர் வந்து ஏணி போட்டு ஏறி, ஸ்வரத்துக்குள் கையை விட்டுப் பார்த்து, இது எங்கள் இலாகா இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். மூன்றாம் வாரம் பழகிவிட்டது.

பழகிய பிறகு, அது இல்லாமல் எப்படி இருந்தோம் என்று ஆகிவிட்டது. பனிமூட்டத்தில் கரை தெரியாமல் தவிக்கிற வள்ளக்காரர்கள் இஞ்சினை அணைத்துவிட்டுக் காதைக் கொடுத்து, சத்தம் வருகிற பக்கமாக வீடு வந்து சேர்ந்தார்கள். எவ்வளவு அழுகிற குழந்தையும் அதற்குக் கீழே தொட்டிலைக் கட்டினால் உறங்கியது, அதனால் மைதானத்தின் வடபக்கத்தில் தொட்டில் கட்டுவதற்கென்றே கமிட்டி எட்டுக் கல்தூண் நட்டது. மீன் விற்கிற பெண்கள் தானாகவே அந்தச் சுதியில் கூவப் பழகினார்கள்; பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு அந்தச் சுதியில் ஓடியது; புருஷன் பெண்சாதி சண்டைகூட அந்தச் சுதியில் நடந்ததால், பக்கத்து வீட்டுக்காரர்களுக்குக் கேட்க இதமாக இருந்தது. மதுரைக்குக் கல்யாணத்துக்குப் போனவர்கள், அங்கே காது காலியாக இருக்கிறதென்று சாப்பாட்டுக்கு முன்னாலேயே பஸ் ஏறி வந்துவிட்டார்கள்.

ரெமிஜியுஸைப் பற்றிய அபிப்பிராயமும் கூடவே மாறியது. அவன் திமிர், கலைஞனுடைய குணம் ஆனது. தோல் சட்டை, விரதம் மாதிரி ஒன்று ஆனது. தேரடித் தெருவுக்கு அவன் பெயரை வைத்தார்கள். நாங்களும் சொன்னோம், பிறந்தபோதே அவன் அழுதது ஒரு தினுசாக இருந்தது என்று, அவன் பிறந்தபோது அங்கே இல்லாதவர்கள் உட்பட.

இப்படி எட்டு மாதம். அதற்குப் பிறகுதான் மறைமாவட்டப் பாட்டுப் போட்டி வந்தது.

போட்டிக்குத் தொபியாஸ் குழுவை அழைத்துக்கொண்டு போனார். போகும்போதே அவருக்குக் கலக்கம்தான். எத்தனை தடவை சுதியைத் தூக்கிக் கொடுத்தாலும், நாற்பது பேரும் இரண்டாவது அடியில் சொல்லிவைத்தாற்போல ஊர்ச் சத்தத்துக்கே இறங்கிக்கொண்டிருந்தார்கள். முப்பத்தோரு பங்குக் கோயில்கள் கலந்துகொண்டதில் சிப்பித்துறை முப்பத்தொன்றாவதாக வந்தது. நாற்பது பேர் இவ்வளவு ஒற்றுமையாகச் சுதி இறங்கிப் பாடி நாங்கள் கேட்டதில்லை என்று நடுவர்கள் தனியாக ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

கான்வென்ட்டில் பாட்டு சொல்லிக்கொடுக்கிற சிஸ்டர் எவாஞ்சலின், சுதி பார்க்கிற இரும்புக் கவை ஒன்றை எடுத்துக்கொண்டு மைதானத்துக்கு வந்தார். கவையை முழங்காலில் தட்டிக் காதருகே வைத்தார். மேலே பார்த்தார். மறுபடி தட்டினார்.

"இது தாழ்ந்திருக்கு" என்றார்.

"எது சிஸ்டர், கவையா?" என்றார் கஸ்பார்.

"கவை எப்படித் தாழும்? உங்க ஸ்வரம்தான். ஒரு மயிரிழை."

கமிட்டி மாடிப்படி ஏறியது. ரெமிஜியுஸ் ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். அவனுக்கு அது முதல் விநாடியிலேயே தெரியும். எட்டு மாதமாக, விழித்திருக்கிற நேரமெல்லாம், தான் எட்டாமல் விட்ட அந்த ஒரு மயிரிழையைத்தான் கேட்டுக்கொண்டிருந்தான்.

"தம்பி, சத்தம் கொஞ்சம் தாழ்வாம்லா. சிஸ்டர் சொல்லுதாங்க" என்றார் கஸ்பார்.

ரெமிஜியுஸ் திரும்பவில்லை. "என் விரல் தாழாது. சுதி சேர்த்தவரைக் கேளுங்க" என்றான்.

அவ்வளவுதான். அதைச் சொல்ல ஒரு மூச்சுகூட முழுசாகச் செலவாகவில்லை.

தொபியாஸைக் கமிட்டி ரூமுக்கு வரச் சொன்னார்கள். அவர் நின்றுகொண்டே பதில் சொன்னார். கம்பி ஆறும் சரியாகத்தான் சேர்ந்திருந்தது, அந்த ஸ்வரம் சும்மா கம்பியில் வருவதில்லை, கீழே இருக்கிற ஸ்வரத்தைப் பிடித்துக் கம்பியை விரலால் தள்ளி மேலே ஏற்ற வேண்டும், அன்றைக்குத் தள்ளியது பத்தவில்லை.

ரூமில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள்.

"அப்ப ரெமிக்கு வாசிக்கத் தெரியலைங்கீய?" என்றார் கஸ்பார். "தெருவுக்கே பேரு வச்சாச்சு வேய்."

மறுஞாயிறு பாடகர் குழுவுக்கு வேறு மாஸ்டர் போட்டார்கள். தொபியாஸ் சரி பண்ணிய ஆர்மோனியங்களை வேறு ஊருக்குக் கொண்டுபோய் மறுபடி சரி பண்ணிக் கொண்டுவந்தார்கள். போகும்போது நன்றாக இருந்தவை வரும்போது இருமின. கோயிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் பாட்டு வரும்போது மட்டும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்கள், சுதி தொற்றிக்கொள்ளும் என்பதுபோல. சிரித்துப் பேசிக்கொண்டிருந்த மனுஷன் வீட்டில் ஒரு கரண்டி கீழே விழுந்தால்கூடத் திடுக்கிட ஆரம்பித்தார். அந்தக் காதுதான் அவருக்குச் சொத்து. அந்தக் காதைத்தான் ஊர் பொய் என்றுவிட்டது.

ஜெசிந்தா தம்பிக்குச் சோறு போடுவதை நிறுத்தவில்லை. மூன்று வேளையும் தட்டை மாடிப்படியின் மேல்படியில் வைப்பாள், வைத்துவிட்டுத் தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொல்லுவாள்.

"ஏலே ரெமி, மீன்குழம்பு வச்சிருக்கேன். உப்பு தாழ்ந்திருந்தா அதையும் உங்க அத்தான்தான் தாழ்த்தினாருன்னு எழுதிப் போடு."

மறுநாள், "இட்லி வச்சிருக்கேன், எட்டாக்கையா இருந்தா சொல்லு, பக்கத்துல தள்ளி வைக்கேன். உனக்குத்தான் தள்ளினா பத்த மாட்டேங்குதே."

ரெமிஜியுஸ் சாப்பிட்டுத் தட்டை அதே படியில் வைத்துவிடுவான். கிட்டாரைத் தொட்டு மாதங்கள் ஆகியிருந்தன. ஒருநாள் மதியம் ஆளில்லாத நேரத்தில் கிட்டாரையும் ஒரு சின்ன பேட்டரி ஸ்பீக்கரையும் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குப் போய், ஸ்வரத்துக்குக் கீழே நின்று, சரியான ஸ்வரத்தை அதன் பக்கத்தில் வாசித்துப் பார்த்தான், இதைக் கேட்டுத் திருந்தி அது ஏறிக்கொள்ளாதா என்று. சரியான ஸ்வரம் ஊரில் யார் வாசித்தாலும் நிற்கிற அளவுக்கு நின்று ஓய்ந்துபோனது. தொட்டிலில் கிடந்த குழந்தைகள் எல்லாம் விழித்துக்கொண்டு அழுதன. ஒரு பெண் சமையலறையிலிருந்து ஓடிவந்து, "யாருலே அது சுதி தப்பி வாசிக்கது?" என்று கேட்டு, அவன் முகத்தைப் பார்த்ததும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போனாள்.

ஜூன் மாதம் தொபியாஸ் முடிவெடுத்தார். ராஜபாளையத்தில் ஒரு பஞ்சாலையில் வேலை. நூல் எவ்வளவு விறைப்பாக ஓடுகிறது என்று பார்க்க வேண்டும், இயந்திர இரைச்சலில் பக்கத்தில் இருப்பவன் பேசுவதுகூடக் கேட்காது. அவருக்கு அந்தக் கேட்காத இடம்தான் வேண்டியிருந்தது. வியாழக்கிழமை பதினொரு மணி பஸ். ஜெசிந்தாவும் கூடப் போகிறாள். வீட்டுச் சாவி மாடியில் இருக்கிறவனிடம்.

சொல்லிக்கொள்ள மேலே ஏறி வந்த தொபியாஸ், நாற்காலி இருந்தும் உட்காரவில்லை.

"மச்சான், போயிட்டு வாரோம். கிட்டாரை ஜன்னல் பக்கம் வைக்காத, உப்புக்காத்து கம்பியைத் தின்னுரும்."

"வேற ஒண்ணும் சொல்லலையா அத்தான்?"

"வேற என்ன இருக்கு? பெட்டியில புதுக் கம்பி ரெண்டு செட்டு போட்டிருக்கேன்."

அவர் இறங்கிப் போன பிறகு ரெமிஜியுஸ் வெகுநேரம் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான் என்று சொல்வார்கள். பார்த்தவர் யார் என்று கேட்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அறிவிப்புகள் வாசித்ததும், யாரும் கூப்பிடாமலே அவன் போய் மைக்கைப் பிடித்தான் என்பதை மட்டும் ஊரே பார்த்தது.

"அத்தான் சேர்த்த சுதி சரி. நான்தான் தப்பா வாசிச்சேன்" என்றான்.

கோயிலே அழுதது. எவ்வளவு பெரிய வித்வான், அத்தான் செய்த தப்பைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறானே, இவனைப் போயா திமிர்க்காரன் என்றோம் என்று பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். பங்குச்சாமி அவனைக் கட்டிப்பிடித்தார். கஸ்பார் மாலை வாங்கிவர ஆள் அனுப்பினார். "இல்லை, நெசமாத்தான்" என்று ரெமிஜியுஸ் கத்தக் கத்த, பாருங்கள் இன்னும் எவ்வளவு தாழ்மை என்று அழுகை பலத்தது. வெளியே வந்ததும் கூட்டம் தொபியாஸை முறைத்தது. மச்சினன் இப்படிச் சொன்ன பிறகும் வாயைத் திறந்து நான்தான் என்று ஒத்துக்கொள்ளாமல் நிற்கிறான் பார், மனுஷனா என்று.

வீட்டில் ஜெசிந்தா மாடிப்படியில் தட்டை வைத்தாள். இந்தத் தடவை தெருவுக்குக் கேட்கிற மாதிரிச் சொல்லவில்லை.

"நீ தப்பை ஒத்துக்கிட்டதுகூட உனக்குத்தான்லே பேரு வாங்கிக் கொடுக்கு" என்றாள். "அவருக்கு இருந்த கொஞ்சமும் போச்சு."

அன்றைக்கே ரெமிஜியுஸ் கிட்டாரைப் பெட்டியிலிருந்து எடுத்தான். அந்தக் கிட்டாரை மின்சாரத்தில் மாட்டாமல் வாசித்தால் கொசு பறக்கிற சத்தம்தான் வரும், கீழ்வீட்டில் கேட்காது. ஞாயிறு மீதியும் திங்களும் செவ்வாயும் புதனும், கதவைச் சாத்திக்கொண்டு, அவன் தப்பாக வாசிக்கப் பழகினான். அது அவன் வாழ்க்கையில் கற்றுக்கொண்டதிலேயே கஷ்டமான வாசிப்பு. சரியான இடத்துக்குப் போய்ப் போய்ப் பழகிய விரல், அவன் வேண்டாம் என்று கெஞ்சினாலும், அந்த மயிரிழையைத் தாண்டித் தானாகப் போய் நின்றது. புதன்கிழமை விரல் நுனி பிளந்துவிட்டது.

வியாழக்கிழமை பத்து மணிக்கு மைதானத்துக்கு வரச்சொல்லி ஊருக்குச் சொல்லியனுப்பினான். கீழே மூட்டை கட்டிக்கொண்டிருந்த அக்காவையும் கூப்பிட்டான்.

"இன்னொரு மாலை போடுவாங்க, நீயே போய்க் குனிஞ்சு வாங்கிக்க. எங்களுக்குப் பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றாள் ஜெசிந்தா.

ஊர் மாலையோடுதான் வந்திருந்தது. சூசைமிக்கேல் ஸ்பீக்கர் கட்டியிருந்தான். ரெமிஜியுஸ் மேடை கேட்கவில்லை, தரையிலேயே ஸ்வரத்துக்கு நேர்கீழே ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தான். சிஸ்டர் எவாஞ்சலினைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "சிஸ்டர், கம்பி சரியா இருக்கான்னு நீங்க பார்த்துச் சொல்லணும்" என்று சுதி சேர்க்க ஆரம்பித்தான்.

அப்போதுதான் நாங்கள் அதைப் பார்த்தோம். அவனுக்குச் சுதி சேர்க்கத் தெரியவில்லை. தெரிந்திருந்தது இருபத்திரண்டு வருஷத்தில் மறந்துவிட்டது. ஒரு கம்பியை முறுக்கினால் இன்னொன்று இறங்கியது, அதை முறுக்கினால் முதல் கம்பி ஏறியது. சிஸ்டர் கவையைத் தட்டித் தட்டி முழங்கால் சிவந்து, "ஏறிட்டு… இறங்கிட்டு… இப்ப ரொம்ப ஏறிட்டு ரெமிஜியுஸ்" என்று சொல்லச் சொல்ல, உலகத்திலேயே வேகமான விரல்காரனுக்கு வேர்த்துக் கொட்டி, நாற்பது நிமிஷம் ஆனது. முன்வரிசையில் ஒருவர் கடலை கொறிக்க ஆரம்பித்தார்.

"இதை எங்க அத்தான் ஒரு நிமிஷத்துல முடிப்பாங்க" என்றான் அவன், யாரிடம் என்றில்லாமல். "சேர்ந்திருக்கா சிஸ்டர்?"

"சேர்ந்திருக்கு" என்றார் சிஸ்டர். "சாட்சியா எழுதித் தரேன்."

முதல் தடவை கம்பியைத் தள்ளினான். விரல் பழக்கத்தில் சரியான இடத்துக்குப் போய்விட்டது. கூட்டம் கைதட்டியது.

"கைதட்டாதீங்க வேய்!" என்று கத்தினான். ஊரில் யாரும் அவன் அப்படிக் கெஞ்சிக் கேட்டதில்லை.

இரண்டாம் தடவையும் சரியாக வந்தது. மூன்றாம் தடவையும். தேரடிப் பக்கத்துக் கடிகாரத்தில் பதினொன்றுக்கு மூன்று நிமிஷம் இருந்தது. நான்காம் தடவை, பிளந்த விரலில் ரத்தம் வந்து கம்பி வழுக்க, அவன் கண்ணை மூடி, தள்ளி, தள்ளி, இன்னும் ஒரு மயிரிழை இருக்கும்போது நிறுத்தினான். கீழே ஒரு ஸ்வரமும் மேலே ஒரு ஸ்வரமும் இருந்தது போய், ஒன்றே ஒன்று ஆயிற்று. எது பதினொரு மாதத்துப் பழசு, எது இப்போது பிறந்தது என்று சிஸ்டருக்கே தெரியவில்லை. எல்லோரும் மேலேயும் கீழேயும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

பிறகு அவன் விரலைத் தளர்த்தினான். மெதுவாக, கிணற்றில் வாளியை இறக்குகிற மாதிரி. கீழே இருந்த ஸ்வரம் இறங்கியது. மேலே இருந்ததும் அதன்கூடவே இறங்கியது, இத்தனை நாளும் இந்த விரலில் தொங்கிக்கொண்டிருந்தது நான்தான் என்று சொல்லுவதுபோல; அவன் கம்பியை விட்ட இடம் வரை வந்து, மெலிந்து, நூலாகி, இல்லாமல் போயிற்று.

"இப்ப நம்புதீயளா?" என்றான் ரெமிஜியுஸ். "தள்ளினது நான். பத்தாம விட்டதும் நான்."

பதினொரு மாதத்துக்குப் பிறகு கடல் கேட்டது, அது இவ்வளவு பக்கத்திலா இருக்கிறது என்று எல்லோரும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கோ ஒரு குக்கர் விசில் அடித்தது. கஸ்பாரின் மூச்சில் ஒரு கரகரப்பு இருப்பது கஸ்பாருக்கே அப்போதுதான் தெரிந்தது. பிறகு எட்டுத் தூணிலும் கட்டியிருந்த தொட்டில்களிலிருந்து குழந்தைகள் ஒன்றாக அலறின, ஆளுக்கொரு சுதியில்.

"என்ன வேய் பண்ணீரு!" என்றார் கஸ்பார். "வள்ளக்காரன் எப்படிக் கரைக்கு வருவான்? எம் பேரன் எப்படி உறங்குவான்?"

நம்பியாயிற்று, சந்தேகமே இல்லை. நம்பியதற்குப் பிறகு மன்னிக்கிற பேச்சு எங்கே வருகிறது? கொடுத்ததைத் திருப்பி எடுத்துக்கொண்டானே, இதைவிடத் திமிர் உண்டா என்று, கொண்டுவந்த மாலையைத் திரும்பக் கொண்டுபோனார்கள். தெருவுக்குப் பழைய பெயரே வந்தது. இன்றைக்கும் சிப்பித்துறையில் போய் விசாரித்தால், இந்த ஊரில் பிறந்தவர்களில் அவனைவிடத் தலைக்கனம் பிடித்தவன் கிடையாது என்றுதான் சொல்வார்கள், தொபியாஸ் காது மாதிரி ஒரு காதும் கிடையாது என்பதையும் அதே மூச்சில் சொல்வார்கள். அன்றைக்கு ரெமிஜியுஸ் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே விரலை வாயில் வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தான். சிஸ்டர் எவாஞ்சலின் தன் கைக்குட்டையைக் கொடுத்தார். வாங்கும்போது அவர் முகத்தைப் பார்த்து வாங்கினான்.

பஸ் ஸ்டாண்டில் பதினொரு மணி பஸ் கிளம்பிவிட்டிருந்தது. ஊர் எல்லை தாண்டவில்லை. மூன்றாவது சீட்டில், ஜெசிந்தா மடியில் பையை வைத்துக்கொண்டும், தொபியாஸ் ஜன்னல் பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். திடீரென்று அவர் எழுந்தார்.

"நிறுத்துங்க. இறங்கணும்."

"இப்பதான ஏறினீய!" என்றார் கண்டக்டர்.

"என்ன ஆச்சு உங்களுக்கு? எதையும் விட்டுட்டு வந்துட்டீயளா?" என்றாள் ஜெசிந்தா.

"அவன் ஒத்துக்கிட்டான்."

"அதைத்தான் ஞாயித்துக்கிழமையே ஒத்துக்கிட்டானே."

"அது இல்ல. இப்ப எல்லாரும் நம்புற மாதிரி ஒத்துக்கிட்டான். தள்ளின விரலாலேயே இறக்கிட்டான்."

"யாரு வந்து சொன்னா உங்ககிட்ட?"

"உனக்குக் கேக்கலையா?"

ஜெசிந்தா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள். கண்டக்டரும் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் காதைக் கொடுத்தார். டிரைவர் இஞ்சினை அணைத்தார்.

"ஒண்ணுமே கேக்கலையே" என்றாள் ஜெசிந்தா.

தொபியாஸ் மேலே இருந்த டிரங்குப் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தார்.